மாசானத்துக்குப் பரிவட்டம்

"ஹாத் ஊப்பர்!" என்று அவல்தார் கத்தியபோது செல்லத்துரை கையைத் தூக்கவில்லை. புடைத்திருந்த மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அடுத்த நொடி அவன் மண்டையில் லத்தி இறங்கியது.

தாராவி இசக்கியம்மன் கோயிலுக்கு மத்தியானக் கொடைத் திருவிழா பார்க்க வந்த கூட்டம் பந்தல் வாசலில் சிதறி ஓடியது. நான்கு போலீஸ்காரர்கள் அவனைப் புழுதியில் போட்டு மிதித்தார்கள்.

பத்தடி தள்ளி நின்ற மாசானத்துக்கு வயிறு குளிர்ந்தது. "மடியிலதான் வச்சிருக்கான் சார், விடாதீய!" என்று குரல் கொடுத்தார்.

துப்புக் கொடுத்தது அவர் பெண்டாட்டி பூமாரி. இத்தனைக்கும் செல்லத்துரை அவளுடைய கூடப் பிறந்த தம்பி. "அவன் துப்பாக்கியோட வாறானாம். ஒங்களச் சுடாம விட மாட்டானாம். சூதானமா இருங்க" என்று காலையில் அடுப்படியில் நின்று சொன்னாள். தாலிக்கு முன்னால் தம்பி எம்மாத்திரம் என்று பூரித்துப்போன மனிதர் நேரே போலீஸிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

சுடாமல் கொஞ்சுவானா? போன வருஷம், 1965-ம் வருஷக் கொடையில், அம்மன் பரிவட்டம் யார் தலைக்கு என்று வந்த சண்டையில் பூமாரிக்கும் செல்லத்துரைக்கும் மூத்த அண்ணன் சிவனாண்டியை மாசானம் நெஞ்சிலேயே சுட்டுத் தள்ளினார். தோல் கான்ட்ராக்டர் என்று வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கி; தற்காப்பு என்று வாதாட நல்ல வக்கீல். எட்டு மாதத்தில் விடுதலையாகி, துப்பாக்கியையும் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பூமாரி கையாலேயே சோறும் வாங்கித் தின்றார்.

அதனால்தான் இந்த வருஷம் போலீஸ் உத்தரவு. லைசென்ஸ் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பந்தலுக்குள் யாரும் துப்பாக்கியை ஒளித்து எடுத்துப் போகக் கூடாது. வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

செல்லத்துரையின் மடியை அவிழ்த்தார்கள். துண்டில் சுற்றிய தேங்காய் ஒன்று, மிதிபட்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவ்வளவுதான்.

"அம்மனுக்கு நேந்த தேங்கா சார்..." உடைந்த பல்லை ரத்தத்தோடு துப்பிவிட்டு அவன் அக்காவைப் பார்த்தான். பூமாரி கண் கலங்கவில்லை.

"அங்க என்னட்டி பார்வை?" மாசானம் முழங்கையால் அவள் விலாவில் ஓங்கி இடித்தார். அவள் கையிலிருந்த பூத்தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

செல்லத்துரையை ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார்கள். ஆனாலும் மாசானத்துக்கு நிம்மதி இல்லை. "துப்பாக்கிய எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான். என் துப்பாக்கி இல்லாம நான் உள்ள போறதா?"

"அவனத்தான் கொண்டு போயிட்டாவல்லா? குடுத்துட்டு வாங்க. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா பரிவட்டத்த வேற எவனாச்சும் கட்டிக்கிடுவான்" என்றாள் பூமாரி.

அந்த ஒரு வார்த்தை போதும் மாசானத்துக்கு. வாசலில் துப்பாக்கி வாங்கி வைக்கிற மேஜைக்கு நடந்தார். அவருக்கு முன்னால் ஒரு மாதுங்கா வியாபாரியின் டிரைவர், முதலாளி கிளம்புகிறார் என்று சொல்லி டோக்கனை நீட்டினான். அவல்தார் நம்பரைப் பார்த்துத் துப்பாக்கியைக் கொடுத்தார், ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாசானம் வெள்ளைக் கைப்பிடி போட்ட தன் துப்பாக்கியை வைத்துவிட்டு, ஏழாம் நம்பர் டோக்கனை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். ஆண்கள் வரிசையில் அவரையே அக்குள்வரை தடவித்தான் விட்டார்கள். பெண்களைச் சோதிக்க அங்கே பெண் போலீஸ் இல்லை. பூமாரி பூத்தட்டோடு நேரே உள்ளே போய்விட்டாள்.

உள்ளே மேளம் காதைக் கிழித்தது. சன்னதிக்கு முன்னால் வெட்டுப்பட்ட கிடாக்கள் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. தரையெல்லாம் ரத்தம் வழுக்கியது.

"அண்ணாச்சி, சட்டையக் கழத்திட்டு வாங்க, நேரமாச்சு!" என்று கூப்பிட்டார் பூசாரி பூலோகம். வெறும் மேலோடு நின்றால்தான் அம்மன் மரியாதை. மாசானம் ஜிப்பாவைக் கழற்றிப் பூமாரியிடம் எறிந்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சன்னதிக்குப் போனார்.

திருநீறு, மாலை, தீபாராதனை என்று ஒவ்வொன்றாக முடிந்து, கடைசியில் பூசாரி பட்டுத் துணியை எடுத்து அவர் தலையைச் சுற்றிக் கட்டினார். வெளியே வேட்டுச் சத்தம் படபடவென்று கிளம்பியது. சிவனாண்டி ஆசைப்பட்டுச் செத்த பரிவட்டம் தன் தலையில் இருக்கிறது என்று நினைத்தபோது மாசானத்துக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்து முடிக்கவில்லை. முதுகில் தீயை வைத்தது போல ஒரு அடி. கிடா ரத்தத்தில் குப்புற விழுந்தார். வாய் வழியாகவும் ரத்தம் வந்தது.

செல்லத்துரை தப்பி வந்துவிட்டான் என்றுதான் நினைத்தார். தரையை நகத்தால் பிறாண்டிப் புரண்டு பார்த்தார். கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்க, பூமாரி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் சுருட்டிப் பிடித்திருந்த ஜிப்பாவிலிருந்து புகை வந்தது.

"பாவி... தம்பி துப்பாக்கிய ஒங்கிட்டயாட்டி குடுத்து வச்சிருந்தான்?"

பூமாரி ஜிப்பாவை உதறிக் கீழே போட்டாள். அவள் கையில் சிவனாண்டியைச் சுட்ட அதே வெள்ளைக் கைப்பிடித் துப்பாக்கி. அதை அவர் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அவங்கிட்ட ஏதுங்க துப்பாக்கி? டோக்கன் ஒங்க ஜிப்பாவுலல்லா இருந்துச்சு!"