எல்லாரும் சேர்த்த தேன்

பக்கத்து மரத்துத் தேன்கூட்டில் மனிதர்கள் புகை போட்டு, இருந்த தேனையெல்லாம் எடுத்துப் போனார்கள். அங்கிருந்து ஒரு தேனீ இந்தக் கூட்டு வாசலுக்கு வந்தது.

"அக்கா, பிள்ளைங்க பசியில கெடக்குது. ஒரு வாய்த் தேன் குடுங்க."

காவல் தேனீ தலைகுனிந்தது. "என்னுதா இருந்தா இப்பவே தருவேன் தாயி. இது எல்லாரும் சேர்த்தது. எங்க பிள்ளைங்களுக்கும் மழைக்காலம் வருது. கேட்டுட்டு வர்றேன்."

அறை அறையாகப் போய்க் கேட்டது. "நம்ம பூவுல திருடிக் குடிச்சவங்கதானே!" என்று முறைத்த தேனீகூட, கடைசியில் "சரி, குடு" என்றது. கேட்டு முடிக்க மூன்று நாள் ஆனது.

வாசலிலேயே காத்திருந்த தேனீ, தேனை வாங்கிக்கொண்டு பறந்தது. கொஞ்ச நேரத்தில் தேனோடு திரும்பி வந்தது.

"இந்தாங்க அக்கா, எல்லாரும் சேர்த்தது. அங்க குடிக்க யாரும் இல்ல."