மேகம் விலகட்டும்

“அக்கா, இன்டர்வியூவுக்கு நேரமாச்சு. சட்டையை அயர்ன் பண்ணிக்கட்டுமா?”

“வாஷிங் மெஷின் ஓடுதுடா. ஒரு நேரத்துல ஒண்ணுதான் போடணும். உங்க அத்தானோட சட்டம்.”

மெஷின் நின்றதும் தம்பி அயர்ன் பாக்ஸை எடுத்தான். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் கையை உயர்த்தினார்.

“மேகம் வருது மாப்ளே, பொறு. சோலார்னா வெயிலுக்குத் தகுந்த மாதிரிதான் நடந்துக்கணும்.”

வெறுத்துப்போனவன், அப்படி எத்தனை பேனல்தான் இருக்கிறது என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினான். துணிக்கொடி மட்டும்தான் இருந்தது. துவைத்த துணிகளோடு அக்காவும் மேலே வந்தாள்.

“என்னக்கா, பேனலையே காணோம்?”

“இன்னும் வாங்கலைடா. கரண்டை ஒரேயடியா இழுக்காம இருந்தா சின்னதா வாங்கினாலே போதுமாம். அதுக்குத்தான் பழகிக்கிட்டிருக்கோம்.”

“எவ்வளவு நாளா?”

ஈரத்துணியை உதறிப் போட்டபடி அக்கா சொன்னாள்:

“கல்யாணம் ஆனதுலேர்ந்து.”