வெளியே இருந்த நேரம்

"ஒரே ஒரு நாள்தான் மேடம் தாண்டியிருக்கு! நேத்து வரைக்கும் நல்லா இருந்த பசை, ராத்திரியோட ராத்திரியா கெட்டா போயிடும்?"

மெக்கானிக் கெஞ்சினார். விமானத்தின் இறக்கைக்குள் எரிபொருள் கசியாமல் அடைக்கிற பசை அது.

ஸ்டோர் மேடம் டப்பாவைத் திருப்பித் தேதியைக் காட்டினார்.

"நேத்து கேட்டிருந்தா நேத்தே குடுத்திருப்பேன்."

சிவப்புச் சீட்டு ஒட்டினார். டப்பா கழிவுப் பெட்டிக்குள் விழுந்தது.

"புதுசு எடுத்துத் தர்றேன். கையெழுத்துப் போடுங்க."

மெக்கானிக் போகிற போக்கில் ஸ்டோர் உதவியாளனிடம் முணுமுணுத்தார். "எமனே வந்தாலும், சீட்டுல தேதி சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான்யா இந்தம்மா கூடப் போகும்!"

உதவியாளனுக்குச் சிரிப்பு வரவில்லை.

எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் அவன் மூக்கில் புது ரப்பர் வாசனை ஏறும், காதில் குளிர்பெட்டி உறுமும். இப்போதெல்லாம் தேதி முடிந்தால் கணினியே கத்திச் சொல்லிவிடுகிறது. அன்றைக்குப் பென்சில்தான், மஞ்சள் அட்டைதான்.

குளிர்பெட்டிக்குள், வெளியே அதிக நேரம் இருந்தால் கெட்டுப்போகிற, பிசின் தோய்த்த துணிச் சுருள்கள் இருக்கும். சுருளுக்கு ஓர் அட்டை. எத்தனை மணிக்கு வெளியே எடுத்தோம், எத்தனை மணிக்கு உள்ளே வைத்தோம் என்று எழுத வேண்டும். வெளியே இருந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். அளவு தாண்டினால் சுருள் குப்பைக்குப் போகும்.

அன்று காலை அந்த அட்டைகளுக்கு நடுவில்தான் அதைப் பார்த்தான். சுருளின் எண் இருக்க வேண்டிய இடத்தில் அவன் பெயர்!

வெளியே 12.30, உள்ளே 1.20. வெளியே 12.30, உள்ளே 1.28. இப்படியே ஒரு மாதத்துக்கு. கடைசி வரி நேற்றையது. உள்ளே 1.32.

சாப்பாட்டு இடைவேளை அரை மணிதான். சாலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடி, மனைவிக்கு ஊட்டிவிட்டுத் திரும்ப அது எந்த மூலைக்குப் போதும்? முதுகில் ஆபரேஷன் முடிந்து மல்லாந்து கிடப்பவள். அவன் பக்கத்தில் இருந்தால்தான் நாலு வாயாவது இறங்கும்.

யாரிடமும் அவன் சொல்லவில்லை. ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக் கஷ்டத்தை அவிழ்த்துவிட்டால், 'இவன் சரிப்பட மாட்டான்' என்று கழற்றிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு நாள் தாண்டின டப்பாவுக்கே இரக்கம் காட்டாதவர். தன்னை மட்டும் விட்டுவைப்பாரா?

முந்திக்கொள்வது என்று முடிவு செய்தான். மேடம் உள்ளறைக்குப் போன நேரம் பார்த்து, அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினான்.

"சார், அவங்களுக்கு மனுஷனும் ஒண்ணுதான், பசையும் ஒண்ணுதான் சார். பாருங்க, என்னை வேவு பார்த்து எழுதி வெச்சிருக்காங்க!"

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எதையாவது பொய்யா எழுதியிருக்காங்களா?"

"அது... இல்ல சார். ஆனா..."

"எங்க போறே தினமும்?"

இனி மறைத்துப் பயனில்லை. "பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கா சார்."

"தெரியும்."

"எப்படி சார்?"

"சட்டைப் பையில ஆஸ்பத்திரி பாஸை நீட்டிக்கிட்டு தினம் வந்து நின்னா? உனக்கு மட்டும்தான்யா அது ரகசியம். மேடம் முதல் நாளே என்கிட்ட வந்து சொல்லிட்டாங்க."

"பார்த்தீங்களா! அன்னிக்கே போட்டுக் குடுத்துட்டாங்க. நான் அவங்களுக்கு என்ன சார் கெடுதல் பண்ணேன்?"

மேனேஜர் அட்டையை அவனிடம் நீட்டினார்.

"பின்னாடி திருப்பு."

திருப்பினான். அந்தப் பக்கத்தை அவன் பார்க்கவேயில்லை.

அதே தேதிகள். அதே பென்சில் எழுத்து. 'மாலை 5.00 முதல் 5.20 வரை, ரப்பர் வளைய அலமாரி சரிபார்த்தேன்.' 'மாலை 5.00 முதல் 5.28 வரை, பெயின்ட் அலமாரி.' ஒவ்வொரு வரிக்கும் மேடத்தின் கையெழுத்து. எதிரில் மேனேஜரின் கையெழுத்து.

ஐந்து மணிச் சங்கு ஊதியதும் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன் அவன். பாதியில் விட்டுப் போன அலமாரி காலையில் முடிந்திருக்கும். ராத்திரி ஷிப்ட்காரன் புண்ணியம் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"அவன் வெளியே இருக்கிற நேரத்துக்கு நான் நின்னு வேலை செஞ்சு தர்றேன், அவன் ஒப்பந்தத்துல கை வைக்காதீங்கன்னு கேட்டாங்க. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னும் சொன்னாங்க."

"ஏன் சார்?"

"தெரிஞ்சா, நீ பாதிச் சாப்பாட்டுலயே எழுந்து ஓடி வந்துடுவியாம்."

கையிலிருந்த அட்டையில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது அவனுக்கு. நகர முடியாமல் நின்றான்.

"நிக்காதேய்யா. எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வெச்சிடு. நேத்து அவங்க நிக்க வேண்டியதுல ஏழு நிமிஷம் பாக்கின்னு எழுதியிருக்காங்க பாரு. அட்டையைத் தேடுவாங்க."