கெயின் ஐந்துக்குக் கீழே

முதல் அடி இடது காதில் விழுந்தது.

மைக் ஸ்டாண்டையும் சாய்த்துக்கொண்டு விழுந்தேன். மேசைமேல் ஆம்ப்ளிஃபயர் அலறிக்கொண்டே இருந்தது.

அடித்தவன் என் புருஷன் தங்கராசு. குறிஞ்சிப்பாடியில் மைக் செட் வைத்திருக்கிறான். ரிப்பேர் எல்லாம் நான்தான், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ.

இன்று மாரியம்மனுக்குக் கூழ். மைக் எங்கள் முன்னறையில், ஸ்பீக்கர் அடுத்த தெருவில், கோயில் வேப்பமரத்தில். ஊர்த்தலைவர் உத்திராபதி அறிவிப்புச் செய்ய வந்தார். அவர் வாய் திறந்ததுமே ஆம்ப்ளிஃபயர் கத்தியது. இவன் குறைத்தான். இன்னும் கத்தியது. அவர் சிரித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்த அடி.

போன வாரம் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஐ.சி. சில்லு போய்விட்டது. பழைய நம்பரையே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். கடலூர் போனவன் விலை கூடின ஒன்றோடு வந்தான்.

இது ரொம்ப வேகம், நம் செட்டுக்கு ஒத்துவராது என்றேன். கெயின், அதாவது குமிழில் வைக்கிற ஒலிப்பெருக்கம், ஐந்துக்குக் கீழே போனால் தானாக அலறும், கூட வைத்தால்தான் அடங்கும் என்றேன்.

பொட்டச்சி பாடம் நடத்துகிறாளா என்று, சூடாக இருந்த சால்டரிங் அயர்னை என் முழங்கையில் வைத்தான். அவன் வாங்கி வந்ததையே மாட்டினேன்.

புண்ணைத் தலைவரிடம் போய்க் காட்டினேன். தங்கராசு அதிர்ந்துகூடப் பேசாத பிள்ளை, எண்ணெய் தெறித்திருக்கும் என்று அனுப்பிவிட்டார். என் அண்ணனும் அதையேதான் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது தங்கராசு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

“அந்தச் சனியன மொதல்ல நிறுத்துடி!”

தவழ்ந்து போய்க் குமிழைத் திருப்பினேன். அலறல் சட்டென்று நின்றது. விழுந்து கிடந்த மைக்குக்குப் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்துகொண்டேன்.

அவன் பெல்ட்டை உருவினான்.

பக்கிள் புருவத்தைக் கிழித்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது. வயிற்றில் ஒரு உதை, முதுகில் இரண்டு. நான் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் இன்றுதான் வாய்விட்டுக் கத்தினேன்.

அவன் முடியைப் பிடித்துத் தூக்கினான்.

“அயர்ன வெச்சும் ஒனக்குப் புத்தி வர்ல இல்ல? கொளுத்திட்டு ஸ்டவ்வு வெடிச்சிதுன்னு சொல்லுவன். எவன்டி கேப்பான் இந்த ஊர்ல? அந்தக் கெழட்டு உத்திராபதியா?”

மூச்சு வாங்க நின்றான்.

காலையிலிருந்து கோயிலில் கேட்டுக்கொண்டிருந்த பம்பை மேளச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவனுக்கும் அது உறைத்தது. மெதுவாகத் திரும்பி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குமிழ் வலது கோடியில் நின்றது.

எனக்குத் தொண்டையில் ரத்தம் கரித்தது. இருமினேன்.

அடுத்த தெரு வேப்பமரத்தின் மேலிருந்தும் ஒருத்தி இருமினாள்.