மூன்று பிரெஞ்சுக் கட்டுரைகள்

"அசைன்மெண்டுக்கு மூணு பிரெஞ்சுக் கட்டுரை. அஞ்சு மணிக்குள்ள என் மேசைக்கு வரணும். இல்லன்னா அடுத்த செமஸ்டர் இந்தப் பக்கமே வர வேணாம்."

மேடம் சந்திரமதி காலையில் மறுபடியும் சொன்னது இன்னும் காதைக் குடைந்துகொண்டிருந்தது. மணி நாலு. மலேசியாவின் ஜொகூர் பாருவில் அந்தத் தனியார் கல்லூரியின் நூலகத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான் சுகுமாறன். ஒரு கட்டுரைகூடத் தேறவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் இவனுக்குப் பிரெஞ்சு ஒரு கேடு! பக்கத்து ஊரான செனாயில் தொழிற்சாலை ஆள் குறைத்தபோது வேலை போய், கம்ப்யூட்டரை நம்பி இந்தக் கல்லூரிக்கு வந்தவன். "ஒரு எழுத்தும் தெரியாது மேடம், விட்டுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தான்.

"பிரெஞ்சு வகுப்புக்கு ஒரு ஆள் குறையுது. போகப் போக வந்துடும் லா" என்று மேடம் அவன் பெயரை எழுதிக்கொண்டார். நாளைக்கு முதல் வகுப்பு.

இதுவும் கைவிட்டுப் போனால் மனைவி கஸ்தூரி முகத்தில் எப்படி விழிப்பது? "இதையாவது கெட்டியா பிடிச்சுக்குங்க" என்று நேற்றுகூடச் சொன்னாள், பாவம்.

கல்லூரி விதிப்படி கட்டுரைகளில் ஒயின் கூடாது, பன்றி கூடாது, அரசியல் கூடவே கூடாது. பிரெஞ்சுக்காரனோ இந்த மூன்றையும் விட்டால் பேனாவையே தொடமாட்டான் போலிருந்தது. மொழிபெயர்த்துப் பார்க்கலாமென்றால் நூலகத்தின் இணையம் காலையிலிருந்து படுத்துவிட்டது. கையில் இருந்தவை நேற்று இணையத்திலிருந்து அச்செடுத்த பிரெஞ்சுக் காகிதங்கள் மட்டும்.

எதிர் நாற்காலியில் லோஷினி வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் சேர்ந்த பன்னிரண்டு பேரில் இவள் ஒருத்திக்குத்தான் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். சனி, ஞாயிறுகளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சு பேக்கரியில் வேலை பார்க்கிறாள்.

சாமியே நேரில் வந்ததுபோல் இருந்தது அவனுக்கு. ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான். "இது எப்படிம்மா? படத்துல முட்டைதான் இருக்கு."

"அலமாக்! மூணாவது வரியிலயே பன்றிக்கறி."

"இந்த சைக்கிள் பந்தயம்?"

"ஜெயிச்சவன் போதை மருந்துல மாட்டிக்கிட்டான்."

"பள்ளிக்கூடப் படம் போட்டிருக்கே, இது?"

"டீச்சருங்க ஸ்ட்ரைக். அரசியல்தான்."

சுகுமாறன் காகிதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். நாலே முக்காலுக்குக் காகிதக் கட்டு முழுவதும் தீர்ந்தபோது, தேறியது ஒன்றே ஒன்று. தேனீ வளர்ப்பவர் ஒருவரைப் பற்றியது. மேடம் ஒன்றோடு விடமாட்டார் என்று தெரிந்தும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"லோஷினி, இதுல வரிக்கு வரி தமிழ்ல அர்த்தம் எழுதிக் குடும்மா. எனக்கு ஒண்ணுமே புரியல. யார்கிட்டயும் சொல்லிடாத."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சார், நாளைக்கு எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக் குடுக்கப் போறதே நீங்கதானே?"