பாராசூட் அழகுமலை

“அப்பா, ஒங்க படம் கெடைச்சிருச்சு!”

மகள் பிரகதீஸ்வரி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது அழகுமலை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்தேவிட்டார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் திருவரங்குளம் பக்கத்துப் பனங்காட்டில் ஒரு யுத்தப் படம் எடுத்தார்கள். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய்களின் கதை. உள்ளூர்ப் பையன்கள் சிலருக்கும் காக்கிச் சட்டை மாட்டிவிட்டார்கள். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஆனால், அதில் பாராசூட்டோடு பனைமரத்தில் சிக்கித் தொங்கும் சிப்பாய் தான்தான் என்று அழகுமலை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதை நம்பித்தான் அவர் மனைவி சின்னப்பிள்ளையே கழுத்தை நீட்டினாள்.

உண்மையில் படப்பிடிப்பு நடந்த வாரம் அவர் அம்மை போட்டுப் படுத்துக் கிடந்தார்.

“யூடியூப்ல யாரோ போட்டிருக்காங்கப்பா. சனிக்கிழமை கோயில் திடல்ல பெரிய ஸ்கிரீன் கட்டிருவோம்!”

“எதுக்குத்தா அதெல்லாம்?”

யார் காதில் விழுந்தது? சின்னப்பிள்ளை பட்டுச்சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். சம்பந்தி வீட்டுக்கும் தகவல் பறந்துவிட்டது.

சனிக்கிழமை வல்லத்திராக்கோட்டையே திடலில் கூடியது. போதாக்குறைக்குப் புதுக்கோட்டையிலிருந்து சொக்கநாதன் காரில் வந்து இறங்கினார். பள்ளித்தோழர். வழுக்கையும் தொந்தியுமாக, இப்போது பெரிய இரும்புக்கடை முதலாளி. பாராசூட் கதையை எடுத்தாலே ஒரு சிரிப்புச் சிரிப்பாரே தவிர, ஒரு நாளும் ‘ஆமாம்’ போட்டதில்லை.

“என்ன அழகு, இப்புடி வேர்க்குது?” என்று பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

படுபாவி, என் மானம் போவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வந்திருக்கிறான் என்று அழகுமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரையில் விமானம் உறுமியது. சிப்பாய்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். வானம் பூராவும் குடை குடையாக விரிய, திடலில் விசில் பறந்தது.

“இப்பப் பாருங்க, எங்க வீட்டுக்காரரு வருவாரு!” சின்னப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டாள்.

பனைமரம். சிக்கிய பாராசூட். கரி பூசிய ஒரு முகம், திரை முழுக்க.

விசில் நின்றது.

“அழகுமலையண்ணன் மாதிரி இல்லையே...” யாரோ இழுத்தார்கள். சின்னப்பிள்ளை மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

செத்தேன் என்று அழகுமலை கண்ணை மூடிக்கொண்டார்.

“அந்தா, நம்ம அழகுமலை! எலும்புந்தோலுமா இருந்தான்யா அப்ப!” சொக்கநாதன் துள்ளி எழுந்து விசிலடித்தார். “கீழ நின்னு பார்த்தவன் சொல்றேன், கையைத் தட்டுங்கப்பா!”

முதலாளியே சொன்ன பிறகு என்ன? திடல் அதிர்ந்தது. சம்பந்தி ஓடிவந்து துண்டு போர்த்தினார். சின்னப்பிள்ளை சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் அழகுமலை காரிடம் ஓடினார். சொக்கநாதன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொக்கு, எம்மானத்தைக் காப்பாத்திட்டப்பா. அது நான் இல்லைன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாமலா? சினிமாக்காரங்களோட போயி மரத்துல தொங்குன பய யாருடான்னு எங்க அப்பச்சி பிரம்போட தேடிக்கிட்டிருந்தப்ப, ‘நான்தான்’னு நீ சொன்னதாலதானே எந்தோலு தப்பிச்சுச்சு!”