இரைச்சல் போன கணினி

"நீங்கள் திருத்தினது சரியில்லை தம்பி. பழைய மாதிரி இரையப் பண்ணித் தாங்கோ."

நிப்றாஸ் திருப்புளியைக் கீழே வைத்தான். உட்துறைமுக வீதியில் பன்னிரண்டு வருடமாகக் கணினி திருத்துகிறான். இரைகிறது என்று முறையிட்டவர்கள் எத்தனையோ பேர். இரையவில்லை என்று முறையிட வந்த முதல் ஆள் இந்தப் புஸ்பராணிதான்.

"அன்ரி, உங்கட பழைய புரொசசர் செத்துப் போச்சு. அந்தச் சாதி இப்ப எங்கயும் கிடைக்காது. லப்டொப் ஒண்டுட புரொசசரக் கழட்டி, இடையில ஒரு தட்டு வெச்சு, உங்கட மதர்போட்ல பூட்டியிருக்கன். மூணு நாள் வேல."

"வேலை செய்யுது. சத்தம்தான் இல்லை."

"லப்டொப் புரொசசர் அவ்வளவு சூடாகாது. சூடில்லாட்டி ஃபேன் எதுக்குச் சுத்தும்?"

"சுத்தோணும்."

மாட்டு வண்டிக்கு எஞ்சின் பூட்டிக் கொடுத்தவனிடம், சலங்கைச் சத்தம் எங்கே என்று கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? நிப்றாஸுக்கும் அப்படித்தான் இருந்தது.

"சரி, கொண்டு வாங்க. ஒரு செட்டிங்தான், மாத்தித் தாறன்."

"இன்னொருக்கா வீட்டை விட்டு எடுக்க ஏலாது. நீங்கள்தான் வரோணும், இண்டைக்கே. அவர் கேட்கத் தொடங்கிட்டார்."

யார், என்ன கேட்கிறார் என்று விசாரிப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள்.

ராங்கிக்காரி என்று முணுமுணுத்துக்கொண்டே, பின்னேரம் உப்புவெளிக்கு மோட்டார் சைக்கிளை விட்டான்.

விறாந்தையில் அவள் புருஷன் இராசதுரை சாய்ந்திருந்தார். சீனி வருத்தத்தில் இரண்டு கண்ணும் போனவர்.

"ஆர்?"

"கம்பியூட்டர் பார்க்க வந்தனான், ஐயா."

"அவன்ர அறைக்கோ? போங்கோ. நான் விசாரிச்சனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. மகனோட எனக்குக் கதை இல்லை."

மூடியிருந்த அறைக் கதவைப் புஸ்பராணி இரண்டு விரலால் தட்டினாள்.

"ராகுலன், திருத்திற தம்பி வந்திருக்கிறார். திறக்கிறன்."

உள்ளே ஒருவரும் இல்லை.

கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கதிரை மேசையை விட்டுச் சற்றே விலகி, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போலச் சரிந்து நின்றது. விசைப்பலகையை ஒரு துவாய் மூடியிருந்தது. பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை. ஆவி பறந்துகொண்டிருந்தது.

நிப்றாஸ் அவள் பக்கம் திரும்பினான். "மகன் எங்க..."

அவள் தன் உதட்டில் விரலை வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"மூண்டு வருசத்துக்கு முந்தி ஒஸ்ரேலியாவுக்குப் படகு ஏறினவன். படகு போய்ச் சேரேல்ல."

"ஐயாவுக்கு?"

"தெரியாது. போறதுக்கு முதல் நாள் ரெண்டு பேருக்கும் சண்டை. இனி அவனோட கதைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவர். இது இரைஞ்சா, மகன் உள்ளுக்க வேலை செய்யிறான் எண்டு நிம்மதியா இருப்பார். உங்கட கடையில கிடந்த மூண்டு நாளும், கொழும்புக்குப் போயிட்டான் எண்டு சமாளிச்சனான். பெட்டி வந்ததும் அவனும் வந்திட்டான் எண்டன். சத்தத்தைக் காணேல்ல, வந்தவன் எங்க எண்டு இப்ப கேட்கிறார்."

நிப்றாஸ் உட்கார்ந்தான். அந்தக் கதிரையில் அல்ல, தரையில். செட்டிங்கை மாற்றி, காற்றாடியை முழு வேகத்தில் விட்டான். இரைச்சல் எழுந்து அறையை நிறைத்தது. மேசை மெல்ல நடுங்கியது. கோப்பையில் தேத்தண்ணி வட்டம் போட்டது. ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டதைப் போல இருந்தது.

விறாந்தையிலிருந்து குரல் வந்தது. "வந்திட்டார் போல உன்ர மகன். காது கிழியுது எண்டு சொல்லு."

புஸ்பராணியின் முகம் தெளிந்தது. "இருங்கோ தம்பி, தேத்தண்ணி போடுறன். உலையையும் வைச்சிட்டு வாறன்," என்று குசினிக்குப் போனாள்.

நிப்றாஸ் விறாந்தைக்கு வந்ததும், இராசதுரையின் கை அவன் மணிக்கட்டைத் தடவிப் பிடித்தது.

"தம்பி, நான் கந்தோரில முப்பது வருசம் டைப் அடிச்சனான். மூண்டு வருசமா அந்த அறையில ஒரு எழுத்துத் தட்டுப்பட்ட சத்தம் இல்லை. எனக்குக் கண்தான் போனது."

நிப்றாஸ் குரலைத் தாழ்த்தினான். "அப்ப ஏன் ஐயா, எங்க எண்டு கேட்டீங்க?"

"இரைச்சல் நிண்டா நான் கேட்கத்தானே வேணும்? கேட்காட்டி அவவுக்கு விளங்கிப்போயிடும்."

"விளங்கினா என்ன? ரெண்டு பேரும் சேர்ந்து அழலாமே."

அவர் குசினிப் பக்கம் காதைத் திருப்பினார். அரிசி அளக்கும் சுண்டு பேணிக்குள் உரசும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. சற்றுப் பொறுத்து, மூன்று.

"கேட்டீங்களோ? மூண்டாவது அவனுக்கு. எனக்குத் தெரியும் எண்டு நான் சொல்லுற அண்டைக்கு, அவ ரெண்டோட நிப்பாட்ட வேண்டி வரும்."